பேர் எழுதிய ரொட்டி

சர்க்கரையில் செய்த மண்டையோட்டில் யார் பேரை வேண்டுமானாலும் எழுதலாம். உயிரோடு இருப்பவன் பேரை எழுதி அவன் கையிலேயே கொடுத்து, "இந்தா, உன் தலையை நீயே தின்னு" என்று சிரிக்கலாம். சால்ட்டீயோ நகரத்தில் காதலிக்கிறவர்கள்கூட அப்படித்தான் கொடுத்துக்கொள்கிறார்கள். ரொட்டி அப்படியில்லை. கல்லறைத் திருநாளுக்குச் சுடுகிற ரொட்டியின் மேல் மாவைத் திரித்து எழுத்து எழுத்தாக ஒட்டுகிற பேர், செத்தவர் பேராக மட்டுமே இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர் பேரை ஒட்டி அடுப்பில் வைத்தால், அடுத்த கல்லறைத் திருநாள் வருவதற்குள் அந்த ஆள் போய்விடுவார்.

இது ரொட்டிக்காரி தொமாசாவின் வீட்டு அடுப்புக்கு உள்ள சட்டம். தொமாசாவின் பெரியப்பா ஒருவர் குடிவெறியில் பங்காளியின் பேரை ஒட்டிச் சுட்டுவிட்டாராம், எட்டாவது மாதம் பங்காளி கிணற்றில் கிடந்தானாம். பங்காளியும் மொடாக்குடியன்தான் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களும் வாக்கப்பட்டு வந்தவர்களும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

எல்வியா அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். தொமாசாவின் மூத்த மகன் நசாரியோவின் பெண்டாட்டி. வந்த புதிதில் மாமியார் அவளைக் கள்ளைத் தொட விடவில்லை. ஆனைக் கற்றாழையின் நடுக்குருத்தைச் சுரண்டி இறக்குகிற கள்தான் இந்த ஊர் ரொட்டிக்கு உயிர். ஈஸ்ட் போட்டுப் பிசைகிறவனை தொமாசா ரொட்டிக்காரன் என்றே சொல்ல மாட்டாள். கோதுமை மாவு, முட்டை, பன்றிக் கொழுப்பு, பட்டை, வெல்லம், அதில் நுரைத்த கள். ஒரு வருஷம் கழித்துத்தான், "சரி, உன் கைக்கு மாவு பொங்குது, நீ பிசையலாம்" என்றாள். அதற்குமேல் ஒரு பாராட்டு அந்த வாயிலிருந்து வந்ததில்லை. நசாரியோ சிரிப்பான். "எங்கம்மா உன்னைத் திட்டலைன்னா, உன்னைக் கொஞ்சறாங்கன்னு அர்த்தம்."

2011 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, விடிந்து வெயில் ஏறின நேரம், நசாரியோ ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு மொன்க்லோவா சாலையில் போனான். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது. தட்டுகளைக் காலி செய்து ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். ரொட்டியையெல்லாம் தின்றுவிட்டு அடுக்கி வைத்த அந்த நாகரிகத்தை எல்வியா இன்றைக்கும் மறக்கவில்லை. அவன் கிடைக்கவில்லை. அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, அவளுக்கு இருபத்தாறு.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தபோதுதான் வீட்டில் அந்தச் சண்டை தொடங்கியது. படையல் மேடையில் செண்டுமல்லி, மெழுகுவர்த்தி, உப்பு, தண்ணீர், ஒவ்வொரு செத்தவருக்கும் பேர் எழுதிய ரொட்டி. தொமாசாவின் புருஷன் பேர் இருந்தது, மாமனார் மாமியார் பேர் இருந்தது, பிறந்து நாலு நாளில் போன ஒரு குழந்தையின் பேர்கூட இருந்தது. நசாரியோ பேர் இல்லை.

"அத்தை, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஒருவேளை அவர் போயிருந்தா, இன்னிக்குப் பசியோட வருவாரே. எல்லார் வீட்டுலயும் அவங்கவங்க ஆளு உக்காந்து தின்னுட்டு இருப்பாங்க. இவர் மட்டும் நம்ம வாசல்ல நின்னு பாத்துட்டு வெறும் வயித்தோட திரும்பிப் போவாரா?"

"வாயைக் கழுவுடி."

"நான் சும்மா..."

"சும்மாவா? நீ சும்மா பேரை ஒட்டிச் சுட்டுட்டு, அவன் எங்கேயாவது உசுரோட இருந்தா? உன் விரல் அரிப்புக்கு என் புள்ள சாகணுமா?"

செத்திருந்தால் பட்டினி, இருந்தால் சாவு. ரொட்டி வைத்தாலும் பாவம், வைக்காவிட்டாலும் பாவம். இருபக்கமும் எரிகிற கொள்ளிக்கட்டைக்கு நடுவில் எறும்பு என்று சொல்வார்களே, அப்படித்தான் இரண்டு பெண்களும் வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் அந்த அடுப்படியில் நின்றார்கள். தொமாசா ஒன்று மட்டும் செய்தாள். நாதியற்ற ஆத்துமாவுக்கென்று ஜன்னலுக்கு வெளியே வைக்கிற பேரில்லாத சின்ன ரொட்டியை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெரிதாகச் சுட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது வருஷம், 2016-ல், எல்வியா திருடினாள். திருட்டென்றுதான் அதை அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். நகரத்தின் மறுகோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடைக்குப் போய், ஒரு ரொட்டியில் நசாரியோ என்று பேர் ஒட்டித் தரச் சொன்னாள்.

"யாரும்மா போனது?" என்று அந்தக் கடைக்காரி கேட்டாள்.

"வீட்டுக்காரர்."

"ஐயோ, சின்ன வயசுக்காரியா இருக்கியே! எப்போ?"

"போன வருஷம்."

கடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டு, மனசு பொறுக்காமல் ஒரு கைப்பிடி பெக்கான் பருப்பைக் கூடுதலாகப் போட்டுத் தந்தாள். எல்வியா அதைச் சால்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, தன் அறைக் கதவைத் தாழிட்டு, பெட்டியின் மேல் வைத்தாள். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. பிறகு படுத்தாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, கதவு தட்டுகிற சத்தத்துக்குக் காது வைக்காமல், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். காலையில் அந்த ரொட்டியைப் பொடிப்பொடியாக உதிர்த்துப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டாள்.

அவன் பசியைப் பொறுக்க முடியாமல் செய்தேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவளுக்கு அலுத்துவிட்டது. எந்நேரமும் வரக்கூடிய ஒருவனுக்காகக் காத்திருப்பது போல உடம்பைத் தின்னுகிற வேலை வேறில்லை. ஒருநாளாவது விதவையாக இருந்து பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பாதியை அவள் பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொன்னதில்லை.

காலம் போனது. கைத்தொழிலுக்காக ஊருக்குப் படைப்பு நகரம் என்று பட்டம் கிடைத்தது. கம்பளிப் போர்வை நெய்கிறவர்களுக்கும் கள் ரொட்டி சுடுகிறவர்களுக்கும் திடீரென்று மவுசு வந்தது. தெற்கே த்லஷ்காலாவிலிருந்து நானூறு வருஷத்துக்கு முன்னால் வந்து இங்கே குடியேறியவர்களின் வம்சம், நகரத்தின் பாரம்பரியச் சொத்து என்று தொமாசாவைக் கூப்பிட்டுப் பூமாலை போட்டார்கள். சுவரொட்டிக்குப் படம் எடுக்க ஒருத்தன் வந்தான். அவள் வழக்கம்போல நசாரியோவின் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு, ரொட்டித் தட்டோடு நின்றாள்.

"தொமாசா அம்மா, அந்தப் படத்தை மட்டும் கொஞ்சம் எடுத்துடலாமா? சந்தோஷமான சுவரொட்டி பாருங்க" என்றான் அவன்.

"எடுத்துடலாமே. என் தலையையும் சேர்த்து எடுத்துட்டுப் படம் புடிச்சுக்கோ."

அவன் அப்படியே படம் பிடித்தான். சுவரொட்டி வந்தபோது தொமாசாவின் முகம் இருந்தது, கீழே ரொட்டி இருந்தது, நடுவில் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் 'நம் ரொட்டி, நம் பெருமை' என்று எழுத்து இருந்தது. தொமாசா அதைப் பார்த்துவிட்டு, "என் புள்ளையை மறைக்கிறதுக்கு இத்தனை பெரிய எழுத்து வேண்டியிருக்கு பாரு" என்றாள்.

போன அக்டோபர் தொடக்கத்தில், காணாமல் போனவர்களின் எலும்பைச் சோதிக்கிற அரசு ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தொமாசா, எல்வியா, நசாரியோவின் தம்பி ஃபெர்மின், மூன்று பேரும் போனார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மருத்துவர் சின்ன வயசுப் பெண், நல்லவள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூச்சு இழுத்துக்கொண்டாள். வடக்கே மலைக்குள் தோண்டி எடுத்த எலும்பு. தொமாசா சோதனைக்குக் கொடுத்திருந்த எச்சிலோடு ஒத்துப்போகிறது. சந்தேகமில்லை.

தொமாசா தலையை ஆட்டினாள். பதின்மூன்று வருஷமாக அவள் பயந்த வாக்கியம் அது. வந்து உட்கார்ந்த பிறகு அதற்கு முன்னைப் போலப் பெரிய உருவம் இல்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் மருத்துவர். அவனைப் பிடித்துப்போன மலைத் திருடர் கூட்டத்திலிருந்து தப்பி வந்த ஒருவன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அவள் அதை வாசித்தாள். நசாரியோவை அவர்கள் உடனே கொல்லவில்லை. ரொட்டி சுடத் தெரியும் என்று சொன்னதால் வைத்துக்கொண்டார்கள். தகர டிரம்மில் அவனே அடுப்புக் கட்டிக்கொண்டான். அங்கிருந்த நாற்பது ஐம்பது பேருக்கும் அவன்தான் சுட்டான். கள் கிடைக்காததால் பீரை ஊற்றிப் பிசைவானாம்.

"பீரா?" என்றாள் தொமாசா. "பீர் ஊத்தினா கசக்குமே."

மருத்துவர் கடைசிப் பத்தியை வாசித்தாள். 2019 ஜனவரியில், மலையில் பனி விழுந்த வாரம், நசாரியோ ஓடிப் பார்த்தான். சுட்டுவிட்டார்கள்.

எல்வியாவின் விரல்கள் மேசைக்கு அடியில் தானாகவே எண்ணின. பதினாறு, பதினேழு, பதினெட்டு. பிறகு ஜனவரி. அவள் ரொட்டி வைத்து இரண்டு வருஷம் இரண்டு மாதம் அவன் உயிரோடு இருந்திருக்கிறான். சட்டம் பொய். ரொட்டி யாரையும் கொல்லாது. உலகத்திலேயே அது பொய் என்று தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரிந்தது, அதில் துளிகூட ஆறுதல் இல்லை. அவன் எங்கோ மலையில் திருடர்களுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, இவள் இங்கே அவனுக்குத் திரி கொளுத்திவிட்டுக் காலை நீட்டித் தூங்கியிருக்கிறாள். இந்த உண்மை அவளோடு குழிக்குள் போகட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம். அவன் சவப்பெட்டிக்குப் பின்னால் பெண்டாட்டியாக நடக்கிற இடமாவது தனக்கு மிஞ்ச வேண்டும். வேறென்ன கேட்கிறாள் அவள்?

அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி பெட்டி வந்தது. குழந்தைப் பெட்டி மாதிரி சின்னதாக இருந்தது. முப்பத்தோராம் தேதி அடக்கம், இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். இந்த வருஷம் முதல் தடவையாக அவன் பேரை எழுதி ரொட்டி சுடலாம், கேட்க ஆளில்லை. பெருமைமிக்க நகரத்தின் சதுக்கத்தில் வைக்கிற பெரிய படையலுக்கும் நாற்பது ரொட்டி சொல்லியிருந்தார்கள்.

முப்பதாம் தேதி மதியம் எல்வியா அடுப்படிக்குப் போனபோது தொமாசா மரத்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாவு பொங்கி, பொங்கின மாவு திரும்பவும் அமுங்கிப்போய்க் கிடந்தது. அப்படி விட்டுவைக்கிற ஆளில்லை அவள்.

"அத்தை, மாவு புளிச்சுப் போச்சு. அடுப்பும் ஆறிடுச்சு."

"ஆறட்டும்."

"அவர் ரொட்டியை எப்போ சுடறது? நாளைக்குக் காலைல பூசை."

"நீயே சுடு. பேரையும் நீயே ஒட்டு. நான் அடக்கத்துக்கு வரல."

"என்ன பேச்சு இது? பெத்தவ வராம அடக்கமா?"

தொமாசா தன் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் அடுப்புச் சூட்டின் பழைய தழும்புகள் வரிவரியாக இருந்தன.

"கொன்னவ பொணத்துக்குப் பின்னால நடக்கலாமா, எல்வியா? அந்த ஊர்வலத்துல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவேன்?"

எல்வியா தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"பதினெட்டாம் வருஷம்" என்றாள் தொமாசா. "அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் ஒரு கனவு. வாசல்ல நிக்கிறான். 'அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லையா?'ன்னு கேக்கறான். எனக்கு மனசு தாங்கல. நீ கடைல இருந்த. ஒரே ஒரு சின்ன ரொட்டி, உள்ளங்கை அகலம். பேரை ஒட்டிச் சுட்டு, அடுப்புக்குப் பின்னால வெச்சேன். ஏழு வருஷம் கையைக் கட்டிக்கிட்டு இருந்தவ, அன்னிக்குக் கெட்டுப் போயிட்டேன். நவம்பர்ல நான் ஒட்டினேன், ஜனவரில அவனைச் சுட்டுட்டாங்க. ரெண்டே மாசம். நான் பேசாம இருந்திருந்தா இன்னிக்கும் அந்த டிரம் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு இருப்பான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எல்வியா தாங்கியிருப்பாள். ஏழு வருஷம் அந்தப் பிள்ளையைத் தானே காப்பாற்றி வைத்திருந்ததாகவும், ஒரு மதியம் தானே கொன்றதாகவும் நம்பிக்கொண்டு, அந்தக் கிழவி கணக்கு முடித்துவிட்டவளைப் போல உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக அவள் ஒழுங்காகச் சாப்பிடாததற்கும், கத்தியை எடுத்து மாவு வெட்டும்போது கை நின்று நின்று போனதற்கும் எல்வியாவுக்கு இப்போதுதான் காரணம் புரிந்தது. அடக்கம் முடிந்த பிறகு இவள் அதிக நாள் இருக்க மாட்டாள். பார்த்தாலே தெரிந்தது.

எல்வியா என்ன நினைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் எட்டிப்பார்த்தது. நான் மட்டும் இல்லை, பெற்றவளும் செய்திருக்கிறாள்! அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. பிறகு மெல்ல மெல்ல அடுத்தது விளங்கியது. இந்தக் கிழவியைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரே வார்த்தை தன் வாயில் இருக்கிறது. அதைச் சொன்னால் தன் இடம் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அவள் விதவையாக, ஊர் பார்க்க, பெட்டிக்குப் பின்னால் நடக்கலாம்.

"அத்தை, ரொட்டி கொல்லாது" என்றாள்.

"நீ என்னைத் தேத்த வேண்டாம்."

"தேத்தல. எனக்குத் தெரியும். நான் பதினாறுல வெச்சேன்."

தொமாசா நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரிய ரொட்டி. முழுப் பேரு. வேற கடைல சுடச் சொல்லி வாங்கினேன். என் ரூமுல, பெட்டி மேல வெச்சேன். பதினாறு நவம்பர். பதினேழு நவம்பர் வந்துச்சு, அவர் சாகல. பதினெட்டு நவம்பர் வந்துச்சு, சாகல. உங்க சட்டப்படி அவர் எப்பவோ போயிருக்கணும். போகல. அப்போ என் ரொட்டி கொல்லலைன்னா உங்க ரொட்டி மட்டும் எப்படிக் கொல்லும்? அவரு ஓடினாரு, சுட்டாங்க. அவ்வளவுதான் அத்தை."

தொமாசாவின் உதடு அசைந்தது. மாவு ஒட்டின விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு. இரண்டாம் தடவையும் எண்ணினாள். பிறகு ஒரு பெரிய மூச்சு அவள் நெஞ்சிலிருந்து கிளம்பி வெளியே வந்தது. அந்த மூச்சோடு தோள்பட்டை இறங்கியது. முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"அப்போ நான் இல்ல" என்றாள்.

"நீங்க இல்ல அத்தை."

"நான் கொல்லல."

"இல்ல."

தொமாசா எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"அன்னிக்கு நீ தூங்கினியா?"

எல்வியா புரியாதது போல நின்றாள். புரிந்திருந்தது.

"பேரை எழுதி வெச்சியே, அன்னிக்கு. தூக்கம் வந்துச்சா உனக்கு?"

ஒரு பொய் போதும். 'எங்க அத்தை தூங்கறது, விடிய விடிய அழுதேன்' என்று சொன்னால் முடிந்தது. இவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லிவிட்ட வாய்க்கு அந்தப் பொய் வரவில்லை.

"தூங்கினேன்" என்றாள்.

"நான் பதினெட்டுல அதை வெச்சதுலேர்ந்து ஒருநாள் தூங்கல. ஒருநாள்!" தொமாசா திரும்பினாள். கண்ணில் மூன்று வாரமாக இல்லாத தெம்பு இருந்தது. "அவன் அங்க உசுரோட இருக்கான். கசப்பு ரொட்டி சுட்டுத் தின்னுட்டு, என்னிக்காவது வீட்டுக்கு ஓடிடலாம்னு காத்துக்கிட்டு இருக்கான். நீ இங்க அவனைப் பொதைச்சுட்டுத் தூங்கியிருக்க. என் வீட்டுக்குள்ள, என் சோத்தைத் தின்னுக்கிட்டு. அவன் எதுக்குடி ஓடினான்? யாருக்காக ஓடினான்? உனக்காகத்தான் ஓடியிருப்பான். நாளைக்கு அடக்கத்துல நீ பின்னால நில்லு. முன்னால வராத. முடிஞ்சதும் துணிமணியை எடுத்துட்டுப் போயிடு."

எல்வியா புளித்த மாவை அள்ளி வெளியே கொட்டினாள்.

இரண்டு பெண்கள் ஓர் அடுப்படியில், யார் எந்த வருஷம் எந்த ரொட்டியில் பேர் ஒட்டினார்கள், யார் தூங்கினார்கள் என்று ஒருத்தியை ஒருத்தி குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், எட்டு வருஷம் அவன் கை ரொட்டியைத் தின்றவர்கள், பனியில் ஓடினவன் முதுகில் சுட்டவன், அவர்களில் ஒருத்தனையும் யாரும் கேட்கவில்லை அன்றைக்கு நீ தூங்கினாயா என்று. கேட்டிருந்தால் நன்றாகத் தூங்கினேன் என்றுதான் சொல்லியிருப்பான், பாவி.

அன்று சாயங்காலம் தொமாசா புது மாவு பிசைந்தாள். மறுநாள் பெட்டிக்கு மேல் நசாரியோ என்று பேர் எழுதின ரொட்டி இருந்தது, பளபளவென்று முட்டை பூசி. ஊரே வந்திருந்தது. தொமாசா ஃபெர்மின் கையைக்கூடப் பிடிக்காமல் நிமிர்ந்து நடந்தாள். "என்ன திடம் பாரு, மகராசி!" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எல்வியா கல்லறை வாசலில், மெழுகுவர்த்தி விற்கிறவளுக்குப் பக்கத்தில் நின்றாள். குழியில் மண் விழுகிற சத்தம் அந்தத் தூரத்துக்குக் கேட்கவில்லை. விதவை ஏன் வெளியே நிற்கிறாள் என்று கேட்டவர்களிடம் மயக்கம் வருகிறது என்றாள்.

மேட்டுத்தெருவில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரில் தொமாசாவின் சுவரொட்டி. 'நம் ரொட்டி, நம் பெருமை.' முதல் நாள் ஜன்னலைச் சாத்தினாள். இரண்டாம் நாள் வெக்கையில் திறந்து வைத்துவிட்டாள்.

கல்லறைத் திருநாள் அன்று பத்து மணி வாக்கில் ஃபெர்மின் வந்தான். சதுக்கத்துப் படையலில் ரொட்டி அடுக்கிவிட்டு நேரே வந்தவன், சட்டையில் செண்டுமல்லி இதழ் ஒட்டியிருந்தது. கையில் துணியில் சுற்றின ஒன்று.

"அண்ணி, அம்மா குடுத்தனுப்பினாங்க. இன்னிக்குள்ள உங்க கைல சேரணும்னாங்க." அவன் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. "கோபம் தணிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன். விடியறதுக்குள்ள எந்திரிச்சு, இதைத் தனியா, அவங்க கையாலயே சுட்டாங்க. என்னைக்கூட அடுப்புக்கிட்ட விடல."

அவள் உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி போட்டாள். இரண்டு தம்ளரிலும் ஊற்றிவிட்டு, துணியைப் பிரித்தாள்.

நல்ல பெரிய ரொட்டி. பட்டை வாசனையும் கள் வாசனையும் எழுந்தன. ஓரம் கருகாமல், நடுவும் நன்றாக வெந்து, முழுக் கவனத்தோடு சுட்டது. மேலே மாவைத் திரித்து, கோணாமல், ஒன்றுக்கொன்று இடைவெளி பார்த்து ஒட்டின எழுத்து. எல்வியா.

ஃபெர்மின் துள்ளி எழுந்தான். தம்ளர் கவிழ்ந்து காப்பி மேசையில் ஓடியது.

"தொடாதீங்க! அண்ணி, தொடாதீங்க! அம்மாவுக்குப் புத்தி பிசகிப் போச்சா? குடுங்க, நான் கொண்டுபோய்ச் சாக்கடைல போடறேன். ஃபாதரைக் கூட்டிட்டு வந்து மந்திரிக்கச் சொல்றேன்."

"உக்காருங்க."

"உங்க பேரு அண்ணி அது! உங்க பேரு!"

"எழுத்து தெரியுது எனக்கு" என்றாள் எல்வியா. துணியால் மேசையைத் துடைத்தாள். "இது கொல்லாது. பயப்படாதீங்க. கொல்லாதுன்னு உங்கம்மாவுக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சா எதுக்கு அனுப்பினாங்க?"

தொமாசா எதற்கு அனுப்பினாள் என்று எல்வியாவுக்கு விளங்காமலில்லை. அந்த வீட்டுப் படையலில் இந்த வருஷம் இரண்டு புதுப் பேர். ஒருத்தனை மண்ணில் வைத்தாகிவிட்டது. இன்னொருத்தி மேட்டுத்தெருவில் வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறாள். தொமாசாவுக்கு அவளும் போய்ச் சேர்ந்தவள்தான். ஆனாலும் பட்டினி போடவில்லை. தன் ஆட்களில் செத்தவர்களைப் பட்டினி போடுகிற பழக்கம் தொமாசாவுக்குக் கிடையாது.

ஃபெர்மின் கதவருகே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். கொஞ்சம் தூக்கிப் போட்டுவிடுங்கள், உங்களைக் கும்பிடுகிறேன் என்றான். அவள் அவனுக்கு வேறு தம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். ரொட்டியில் அவனுக்குப் பங்கு கொடுக்கவில்லை.

"உங்களுக்கு வேண்டாம். இது எனக்குன்னு வந்தது" என்றாள்.

பிறகு பேரின் முதல் எழுத்தைப் பிட்டு, காப்பியில் தோய்த்து, தின்ன ஆரம்பித்தாள்.